கட்டுமான மேலாண்மை ஆராய்ச்சியால் எந்தக் கொத்தனாருக்கு என்ன லாபம்?

கேள்வி | மே 3, 2024, மாலை 6.12

காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.இ. கட்டுமானப் பொறியியல், மேலாண்மை படிக்கிறேன். அடுத்த மாதம் ஆய்வுத் தலைப்பு கொடுக்க வேண்டும். நூறு கட்டுரைக்கு மேல் புரட்டியாகிவிட்டது. அறுபது எழுபது வருஷமாக ஆராய்ச்சி என்ற பெயரில் கட்டமும் அம்புக்குறியும்தான் வரைந்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. ஸ்ட்ரக்சரல் பிரிவில் ஒரு பீமை உடைத்தால் ஒரு எண்ணாவது கையில் மிஞ்சும். இங்கே என்ன மிஞ்சியது? சைட்டில் இருக்கும் யாராவது, இந்த ஆராய்ச்சியால் ஒரு செங்கல் கூடுதலாக வைத்தோம் என்று சொல்ல முடியுமா?

மே 3, இரவு 10.40

சொல்ல முடியும் தம்பி. ஒரு செங்கல் என்ன, ஆளுக்கு மணிக்கு இருநூற்று முப்பது கூடுதல்.

1885-இல் பாஸ்டனில் ஃபிராங்க் கில்பிரெத் என்ற பதினேழு வயதுப் பையன் கொத்தனாரிடம் தொழில் பழகச் சேர்ந்தான். கற்றுக்கொடுத்தவர்கள் மூன்று விதமாகக் கல் வைப்பதைக் கவனித்தான். சொல்லிக்கொடுக்கும்போது ஒரு மாதிரி, நிதானமாகச் செய்யும்போது ஒரு மாதிரி, அவசரம் வந்தால் இன்னொரு மாதிரி. எது சரி என்று கேட்டால் பதில் இல்லை. அங்கேதான் தொடங்கியது. ஒரு கல்லுக்குப் பதினெட்டு அசைவு என்று எண்ணி, அதை ஐந்துக்குக் கொண்டுவந்தார். 1909-இல் செங்கல் வேலைக்கென்றே புத்தகம் போட்டார். 1911-இல், வேலை முறைகளை அளந்து ஆராய்ந்த டெய்லர் என்பவர் தன் புத்தகத்தில் இந்தக் கணக்கை எடுத்துக்காட்டினார்: பழைய முறையில் ஆளுக்கு மணிக்கு 120 கல், புது முறையில் 350.

வேகமாகக் கையை ஆட்டச் சொல்லி இது வரவில்லை. கல் கீழே கிடந்தால் கொத்தனார் ஒவ்வொரு கல்லுக்கும் குனிய வேண்டும். இரண்டு கிலோ கல்லுக்காக எழுபது கிலோ உடம்பை இரண்டடி இறக்கி ஏற்றுகிறார், ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை. கில்பிரெத் சாரத்தில் ஒரு மேஜை வைத்தார், சுவர் ஏற ஏற அதுவும் ஏறும். கல்லின் நல்ல முகம் எது என்று கொத்தனார் கையில் புரட்டிப் பார்க்காமலிருக்க, முன்கூட்டியே உதவியாள் பொறுக்கி, நல்ல முகம் மேலே இருக்குமாறு அடுக்கிக் கொடுப்பார். கலவை பதம் சரியாக இருந்தால் கல்லைக் கரணையால் தட்ட வேண்டாம், கையால் அழுத்தினால் உட்கார்ந்துவிடும். அவ்வளவுதான்.

உங்கள் துறையின் முதல் ஆராய்ச்சிப் பொருளே கொத்தனாரின் இடுப்புதான். கட்டமும் அம்பும் பிறகு வந்தவை.

மே 4, காலை 6.05

சைட்டுக்குக் கிளம்புவதற்கு முன் ஒன்று. மேலே எழுதியதைப் படித்துவிட்டு நான் ஏதோ பேராசிரியர் என்று நினைக்க வேண்டாம். டிப்ளமா முடித்து, சம்பளத்துக்கு ஓடி, பகுதிநேரத்தில் பி.இ. முடித்தவன். வேலூரைச் சுற்றி வீடு கட்டிக் கொடுக்கிறேன். இப்போது பாகாயம் பக்கம் ஒரு மாடி வீடு நடக்கிறது. படிக்கும் பழக்கம் மட்டும் விடவில்லை.

மே 4, இரவு 9.20

கில்பிரெத்தை நானும் சைட்டில் செய்து பார்த்தேன், ஏழெட்டு வருஷம் முன்பு. அந்தக் கதை.

சத்துவாச்சாரியில் ஒரு வீடு, தரைத்தளச் சுவர். ஒரு கொத்தனாரைத் தேர்ந்து ஒரு மணி நேரம் எண்ணினேன், 74 கல். ஒன்பது அங்குலச் சுவர், மேலே பூச்சு வரும், அதனால் முகம் பார்க்கும் வேலையில்லை. மறுநாள் சென்ட்ரிங் பலகை இரண்டை எடுத்துச் செங்கல் அடுக்கின்மேல் போட்டு இரண்டடி உயரத்துக்கு மேடை கட்டினேன். எங்கள் மேஸ்திரி பார்த்துவிட்டு, "என்ன சார், கல்லுக்கு மணவறையா?" என்றார். சைட் முழுக்கச் சிரிப்பு. அந்தப் பெயரே நிலைத்தது. அன்றைக்கு மணிக்குத் தொண்ணூறை ஒட்டி வந்தது. 350 எங்கே, 90 எங்கே என்று கேட்காதீர்கள். ஆனால் சாயங்காலம் அந்தக் கொத்தனார் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கவில்லை, அதைக் கண்ணால் பார்த்தேன்.

மூன்றாம் நாள் காலையில் போனால் மேடையைக் காணோம். லின்டலுக்குப் பலகை பத்தவில்லை என்று சென்ட்ரிங் ஆட்கள் கழற்றிப் போய்விட்டார்கள். ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது.

மே 4, இரவு 11.02

கேள்வி கேட்டவர் தனிச்செய்தியில் "நான் தம்பி இல்லை, அண்ணே" என்று எழுதியிருக்கிறார். மன்னிக்கணும்மா. இருபத்தைந்து வருஷமாக சைட்டில் இன்ஜினியர் என்றாலே தம்பி என்று வாய் பழகிவிட்டது. இதுவும் ஒரு ஆராய்ச்சித் தலைப்புதான், எழுதிக்கொள்.

மே 6, இரவு 8.50

சரி, கட்டமும் அம்பும்.

1950-களின் கடைசியில் கிரிட்டிகல் பாத் முறை வந்தது. அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைக்காகக் கண்டுபிடித்தது. எந்த வேலை தள்ளிப்போனால் மொத்தமும் தள்ளிப்போகும், எதைக் கொஞ்சம் ஆறப் போடலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். அதுவரை பார் சார்ட்தான். பார் சார்ட்டில் பூச்சு வேலைக்கு ஒரு கோடு, ஒயரிங்குக்கு ஒரு கோடு. சுவரில் குழாய் பதிக்காமல் பூச்சு தொடங்க முடியாது என்பது அந்தக் கோட்டில் எங்கேயும் இல்லை. அம்பு வந்ததும் அது தெரிய ஆரம்பித்தது.

பெரிய விஷயம்தான். ஆனால் அதிலிருந்து துறை கொத்தனாரை விட்டுவிட்டு மேஜைக்கு நகர்ந்தது. அடுத்த முப்பது வருஷம் கம்ப்யூட்டர், கணிதம், உகந்த தீர்வு. ஸ்டான்ஃபோர்டில் 1950-களின் நடுவிலேயே கட்டுமான மேலாண்மைக்கு மேற்படிப்பு வந்துவிட்டது. அமெரிக்க சிவில் இன்ஜினியர்கள் சங்கம் 1957-இல் கட்டுமானத்துக்குத் தனி இதழ் தொடங்கி, 1983-இல் அதற்கு உன் படிப்பின் பெயரையே வைத்தது. இதழ் வந்தால் கட்டுரை வேண்டும், கட்டுரை வந்தால் கணிதம் வேண்டும்.

எனக்கு இது கல்லூரியில் பதினாறு மார்க் கேள்வியாக வந்தது. வேலை அ, வேலை ஆ, வேலை இ. ஃப்ளோட், அதாவது எத்தனை நாள் ஆறப் போடலாம் என்று, கண்டுபிடி. வேலை 'இ' என்பது என்ன, செப்டிக் டாங்கா, படிக்கட்டா, யாரும் சொன்னதில்லை. ஃப்ளோட் மட்டும் சரியாக வந்தது.

வேலைக்குப் போன முதல் இடத்தில் அறைச் சுவர் நிறைய சார்ட் தொங்கியது. பெரிய அதிகாரி ஆய்வுக்கு வருவதற்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து, நடந்ததற்கு ஏற்ப திட்டத்தைத் திருத்தி ஒட்டுவோம். மறுநாள் பார்த்தால் எல்லாம் திட்டப்படி. நான்தான் ஸ்கெட்ச் பேனா பிடித்தவன், கையெழுத்து நன்றாக இருக்கும் என்று.

மே 7, காலை 7.15

தப்பு. ராணிப்பேட்டைக்காரர் ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார், அவர் சொல்வது சரி. கடற்படையின் போலாரிஸுக்கு வந்தது பெர்ட் என்ற இன்னொரு திட்டமிடும் முறை, 1958. கிரிட்டிகல் பாத், டுபான்ட் என்ற ரசாயனக் கம்பெனியில் மார்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்டைச் சேர்ந்த ஜேம்ஸ் கெல்லியும் சேர்ந்து செய்தது. தொழிற்சாலை கட்டவும், பராமரிப்புக்காக நிறுத்தி மறுபடி ஓட்டவும் ஆகும் நாளைக் குறைக்க. யூனிவாக் கம்ப்யூட்டரில் ஓட்டினார்கள். இரண்டையும் எனக்கு ஒரே யூனிட்டில் நடத்தினார்கள், நானும் ஒன்றாகவே ஞாபகம் வைத்திருந்தேன்.

ஆனால் கடற்படை முழுசாகத் தப்பவில்லை. 1961-இல் ஸ்டான்ஃபோர்டில் ஜான் ஃபோன்டால் என்ற பேராசிரியர், கம்ப்யூட்டரே இல்லாமல் கிரிட்டிகல் பாத் போடுவது எப்படி என்று அறிக்கை எழுதினார். அதற்குப் பணம் கொடுத்தது கடற்படையின் கட்டுமானப் பிரிவு. சாதாரண கான்ட்ராக்டரிடம் யூனிவாக் ஏது? காகிதமும் பென்சிலும் போதும் என்று காட்டினார். அவர் வேலையை வட்டத்தில் எழுதி, வட்டங்களைக் கோட்டால் இணைத்தார். இன்றைக்கு ப்ரைமவேரா என்ற திட்டமிடும் மென்பொருளில் நீ பார்க்கும் கட்டங்கள் அந்த வழியில் வந்தவை. நேற்று நான் திட்டியது கொஞ்சம் அதிகம். எல்லாரும் மேஜைக்கு ஓடிவிடவில்லை.

மே 9, மதியம் 2.30

அக்னி நட்சத்திரம். வேலை நிற்கிறது. பதினொன்றரைக்கே எல்லாரையும் நிழலுக்கு அனுப்பிவிட்டேன், இனி நாலு மணிக்குத்தான். தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்து இதைத் தட்டுகிறேன்.

வெயிலுக்கும் ஆராய்ச்சி இருக்கிறது. 1974-இல் கிரிம், வேக்னர் இருவரும் தட்பவெப்பம் கொத்தனாரின் வேலையை எப்படிப் பாதிக்கிறது என்று அளந்தார்கள். செங்கல் வேலைக்குத் தோதான வெப்பம் சுமார் 24 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 60 சதவீதம். இரண்டு பக்கம் விலகினாலும் வேலை குறையும்.

24 டிகிரி. வேலூரில். மார்கழியில் காலை ஒன்பது மணிக்கு ஒரு அரை மணி நேரம் கிடைக்கும்.

கவனித்துப் பார், அது அமெரிக்கக் கொத்தனாரை அமெரிக்க வெயிலில் அளந்த கணக்கு. அதே 1974-இல் நம் நாட்டில் ஐ.எஸ். 7272 வந்தது, கட்டட வேலைக்கு ஆள்கணக்கு. இத்தனை கன மீட்டருக்கு இத்தனை கொத்தனார், இத்தனை ஆள் என்று. எஸ்டிமேட் போடும் எல்லாருக்கும் இந்த மாதிரி ஸ்டாண்டர்ட் டேட்டாதான் பைபிள். அதில் சித்திரைக்கு ஒரு எண், மார்கழிக்கு ஒரு எண் என்று இல்லை. வேலூர்ச் சித்திரையில் ஒரு கொத்தனார் எத்தனை கல் வைக்கிறார் என்று நீ அளந்தால், அதையே ஆய்வேடாகக் கொடுக்கலாம்.

மே 11, இரவு 10.10

அவள் கேட்கிறாள்: "அளப்பதற்கு நாள் எங்கே அண்ணே, கைடு கேள்விப்பட்டியல் போதும் என்கிறார்."

கேள்விப்பட்டியல்! வா, உட்கார். இதைப் பற்றி எனக்கு நிறைய இருக்கிறது.

நாலு வருஷம் முன்பு ஒரு பையன் வந்தான். தலைப்பு, கட்டுமானக் காலதாமதத்துக்கான காரணங்கள். நாற்பத்தைந்து காரணம், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்துவரை வட்டம் போடணும். நூறு பேரிடம் வாங்க வேண்டும், கையில் இருப்பது எண்பத்தெட்டு. கிரீன் சர்க்கிள் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்து நானே பன்னிரண்டு தாள் நிரப்பினேன். முதல் தாளில் யோசித்துப் போட்டேன். மூன்றாவதில் டீ வந்தது. ஏழாவதில் நான் ஒரு அரசு இன்ஜினியர், ஒன்பதாவதில் ஆலோசகர், பன்னிரண்டாவதில் வீட்டுக்காரர். எல்லாரும் ஒருமனதாகச் சொன்னது: பணம் நேரத்துக்கு வராததுதான் முதல் காரணம். எந்தக் காரணம் எவ்வளவு முக்கியம் என்று வரிசைப்படுத்தும் ஒப்பீட்டுக் குறியீடு கணக்கெல்லாம் போட்டு அவன் பாஸ் பண்ணிவிட்டான். எனக்கு நன்றி தெரிவித்து ஒரு வரி போட்டிருக்கிறான். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு.

இது நம் ஊர் வியாதி மட்டும் என்று நினைக்காதே. 1995-இல் டேவிட் சீமோர், ஜான் ரூக் என்ற இருவர் இங்கிலாந்தில் இருந்து இதே சண்டையைக் கிளப்பினார்கள். ஆராய்ச்சியாளர் தன் வகைப்பாட்டை முன்னாலேயே தயார் செய்துகொண்டு போய் சைட்டில் திணிக்கிறார், அங்கே இருப்பவர்கள் தங்கள் வேலையை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று கேட்பதில்லை என்று. எண்ணுவதா, கேட்பதா என்று இரண்டு மூன்று வருஷம் ஒரு ஆராய்ச்சி இதழில் அடித்துக்கொண்டார்கள். படிக்க நன்றாக இருக்கும். கட்டுமான ஆராய்ச்சிக் கட்டுரையில் கோபத்தைப் பார்ப்பது அபூர்வம்.

மே 11, இரவு 10.31

அந்த நாற்பத்தைந்து காரணத்தில் 'தொழிலாளர் வராமை' ஒன்று. ஏன் வரவில்லை என்பதற்கு வட்டமில்லை. இதை நாளைக்கு எழுதுகிறேன்.

மே 14, காலை 8.00

நாளைக்கு என்றது மூன்று நாள் ஆகிவிட்டது. என் திட்டமும் அந்த லட்சணம்.

இன்றைக்கு வைகாசி ஒன்று. சைட்டில் நானும் வாட்ச்மேனும் ஒரு நாயும். என்னிடம் இருக்கும் பதினான்கு பேரில் ஒன்பது பேர் குடியாத்தம் பக்கம். கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. இது வருஷா வருஷம் வைகாசி முதல் தேதி வரும். நான் மூன்று வாரம் முன்பு கம்ப்யூட்டரில் போட்ட திட்டத்தில் இன்றைக்கு 'படிக்கட்டு கான்கிரீட்' என்று இருக்கிறது. மேஸ்திரியிடம் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று. "நீங்க கேக்கலையே சார். காலண்டர்லயே போட்டிருக்கே."

அவர் பார்ப்பது டீக்கடையில் தொங்கும் தினசரிக் காலண்டர். முகூர்த்தநாள், அமாவாசை, ராகுகாலம், திருவிழா எல்லாம் அதில் இருக்கிறது. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இதற்குப் பெயர் 'தொழிலாளர் வராமை', எதிர்பாராத இடையூறு. பல தலைமுறையாக ஒரே தேதியில் வருவதை எதிர்பாராதது என்று எழுத நமக்குத்தான் தைரியம்.

மே 14, மாலை 5.45

நாயைப் பார்த்துக்கொண்டே யோசித்தது. இதையும் ஆராய்ச்சி பிடித்திருக்கிறது. முப்பது வருஷம் சுற்றி வந்து பிடித்தது.

1992-இல் பின்லாந்துக்காரர் லவ்ரி கோஸ்கெலா, ஸ்டான்ஃபோர்டில் போய் இருந்த சமயம் ஒரு அறிக்கை எழுதினார். கட்டுமானத்தை நாம் 'செங்கல் உள்ளே போகிறது, சுவர் வெளியே வருகிறது' என்று மட்டும் பார்க்கிறோம், நடுவே காத்திருப்பது, தூக்கிக்கொண்டு அலைவது, இடித்துத் திரும்பக் கட்டுவது எதுவும் கணக்கில் வருவதில்லை என்றார். ஜப்பான் கார்த் தொழிற்சாலைகளில் இருந்து வந்த பார்வை. மறுவருஷம் பின்லாந்தின் எஸ்போவில் ஒரு சின்னக் கூட்டம், அதிலிருந்துதான் விரயத்தைக் குறைக்கும் லீன் கன்ஸ்ட்ரக்‌ஷன். 2018-இல் அந்தக் கூட்டத்தின் இருபத்தாறாவது ஆண்டு சென்னையிலேயே நடந்தது. போக நினைத்தேன். ரூஃப் கான்கிரீட் இருந்தது.

எனக்கு அதில் பிடித்தது கிளென் பாலர்ட், கிரெக் ஹோவெல் செய்தது. கடைசியில் நாளைக்கு என்ன வேலை நடக்கும் என்று முடிவு செய்பவர் யார்? மேஸ்திரி, ஃபோர்மேன். அவரைத்தான் 'கடைசித் திட்டக்காரர்' என்றார்கள். மேலே இருந்து 'நடக்க வேண்டியது' வரும். அவர் 'நடக்கக் கூடியது' எது என்று பார்த்து, 'நான் செய்கிறேன்' என்று வாக்குக் கொடுக்க வேண்டும். கல் வராமல் சுவருக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது. வாரக் கடைசியில் கொடுத்த வாக்கில் எத்தனை நிறைவேறியது என்று எண்ண வேண்டும், தவறியதற்குக் காரணம் எழுத வேண்டும். அவர்கள் தொண்ணூறுகளில் அளந்தபோது சராசரி 54 சதவீதம்தான் வந்தது. நல்ல அனுபவமுள்ள அமெரிக்கக் கம்பெனிகள், வாரத் திட்டத்தில் ஏறக்குறைய பாதி பொய்.

அதைப் படித்தபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது பார், சொல்ல முடியாது.

மே 18, இரவு 9.55

சனிக்கிழமை பட்டுவாடா முடிந்தது. இந்த வாரம் முழுசாகச் செய்து பார்த்தேன்.

போன சனிக்கிழமையே கூலி கொடுக்கும்போது, மேஸ்திரி, கம்பி வேலைக்காரர், பிளம்பர் மூவரையும் உட்காரவைத்து அடுத்த வாரம் என்ன முடிப்பீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். பதினொரு வேலை. முடிந்தது ஐந்து. நாற்பத்தைந்து சதவீதம்.

தவறிய ஆறில்: திருவிழா இரண்டைச் சாப்பிட்டது. எம்-சாண்ட் லாரி ஒரு நாள் தாமதம், ஒன்று. வீட்டம்மா சமையலறை ஜன்னலை இரண்டடி தள்ளச் சொன்னதால் ஒன்று. பிளம்பர் வேறு சைட்டுக்குப் போய்விட்டார், ஒன்று. இன்னொன்று என் தப்பு, படிக்கட்டின் கம்பி வரைபடத்தைக் கொடுக்கவே இல்லை. வண்டியின் சீட்டுக்கு அடியில் இருந்தது.

பார்த்தாயா, கொத்தனார் மெதுவாகக் கல் வைத்ததால் தவறியது ஒன்றுகூட இல்லை. கில்பிரெத்தின் மேடை இருந்திருந்தாலும் ஆறும் தவறியிருக்கும்.

மேஸ்திரிக்கு இதில் சந்தோஷம், தெரியுமா ஏன்? முதல் தடவையாக இன்ஜினியர் பேர் தவறுப் பட்டியலில் ஏறியது. எழுதியதை இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

அடுத்த வாரத்துக்குக் கேட்டபோது ஏழு வேலைக்குத்தான் ஒத்துக்கொண்டார். எட்டாவது வேண்டாம், வியாழன் முகூர்த்தம் என்றார்.

மே 19, காலை 11.20

ஞாயிறு. மே 4-ஆம் தேதி எழுதியதை மறுபடி படித்தேன். மணவறைக் கதை. ஒன்றை விட்டுவிட்டேன், சொன்னால் அசிங்கம் என்று மனசு ஒளித்துவைத்திருக்கும்.

கொத்தனார் குனியவில்லை, சரி. அந்தக் குனிவு எங்கே போனது? முன்பெல்லாம் சித்தாள் தலையில் சுமந்து வந்து தரையில் கொட்டிவிட்டுப் போவாள். மேடை வந்ததும் ஒவ்வொன்றாக எடுத்து இடுப்பு உயரத்தில் அடுக்க வேண்டியதாயிற்று. அன்றைக்கு முழுக்க அந்தம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. மேடை காணாமல் போன அன்று சிரித்தாள். சென்ட்ரிங் ஆட்களிடம் பலகை எங்கே இருக்கிறது என்று சொன்னதே அவள்தான் என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

கில்பிரெத்தும் அதைத்தான் செய்தார். பொறுக்குவது, அடுக்குவது எல்லாம் கூலி குறைந்த ஆளுக்குத் தள்ளினார். கணக்கில் 350 கொத்தனாருக்கு ஏறியது. அடுக்கியவருக்கு மணிக்கு எத்தனை என்று டெய்லர் எழுதவில்லை.

நம் ஊரில் அந்த ஆள் பெரும்பாலும் பெண். இருபது வருஷம் சித்தாளாக இருந்து கலவையின் பதம் கண்ணாலேயே தெரிந்த பெண்களை எனக்குத் தெரியும். ஒருத்தி கையிலும் கரணை வந்ததில்லை. நானும் கொடுத்ததில்லை.

மே 22, இரவு 9.00

ராணிப்பேட்டைக்காரர்: பி.ஐ.எம்., ரோபோ, ட்ரோன் பற்றி ஏன் ஒரு வார்த்தை இல்லை?

சுருக்கமாக. கட்டடத்தைக் கோடாக வரையாமல் கம்ப்யூட்டரில் பொருளாகவே வைக்கலாம் (அதுதான் பி.ஐ.எம்.) என்று சார்ல்ஸ் ஈஸ்ட்மன் 1975-லேயே எழுதிவிட்டார். சைட்டுக்கு வர முப்பது வருஷம் ஆயிற்று. கட்டுமான ரோபோவுக்கு முதல் சர்வதேசக் கருத்தரங்கு 1984. ஜப்பானில் ஆள் கிடைக்காமல் பெரிய கம்பெனிகள் அதில் இறங்கின. என் சைட்டில் இருக்கும் ஒரே ரோபோ கலவை மெஷின், அதுவும் கயிறு இழுத்தால் ஐந்தாவது தடவைதான் கிளம்பும்.

கிண்டல் இருக்கட்டும். அந்த மெஷினைப் பற்றியே ஒரு நல்ல ஆராய்ச்சி உண்டு. எழுபதுகளில் டேனியல் ஹால்பின், சுழற்சி வேலைகளைக் கம்ப்யூட்டரில் போலச் செய்து பார்க்க சைக்ளோன் என்று ஒரு முறை செய்தார். ரூஃப் போடும் நாளை நினைத்துப்பார்: மெஷின் சுற்றுகிறது, ஆட்கள் வரிசையில் பாண்டுச் சட்டி கைமாறுகிறது, மேலே கம்பிக்காரர் இன்னும் ஒரு மூலையைக் கட்டிக்கொண்டிருக்கிறார். மெஷின் வரிசைக்காகக் காத்திருக்கிறதா, வரிசை மெஷினுக்காகவா? ஒரு ஆளைக் கூட்டினால் எது மாறும்? அதைக் கட்டிப் பார்க்காமலே காட்டினார். நம் மேஸ்திரி இதைக் காதால் செய்வார். மெஷின் வெறுமனே சுற்றும் சத்தம் வேறு, அவருக்குத் தெரியும்.

மே 25, இரவு 10.45

வீட்டம்மா இன்றைக்கு பட்ஜெட் பற்றிக் கேட்டார். பன்னிரண்டு சதவீதம் தாண்டிவிட்டது. ஜன்னல் தள்ளியதை நான் ஞாபகப்படுத்தவில்லை, தொழில் தர்மம்.

"வீட்டைக் கட்டிப்பார்" என்று நம் ஊரில் முன்பே சொல்லிவிட்டார்கள். அதை எண்ணில் சொன்னவர் டென்மார்க்கின் பென்ட் ஃப்ளூபியர்க், 2002-இல். 258 போக்குவரத்துத் திட்டம், ஐந்து கண்டம். பத்தில் ஒன்பது செலவு மீறியவை. ரயில் திட்டங்கள் சராசரியாக 45 சதவீதம், சாலைகள் 20. எழுபது வருஷத் தரவில் முன்னேற்றமே இல்லை. அவர் சொன்ன காரணம்தான் கசப்பு. தொழில்நுட்பத்தால் தவறான கணிப்பு என்றால் சில மேலே, சில கீழே இருக்கணும். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் அது தவறா, பொய்யா? வேலை கிடைக்கணும் என்றுதான் குறைத்துப் போடுகிறார்கள் என்றார்.

நானும் குறைத்துத்தான் போட்டேன். பக்கத்துத் தெரு கான்ட்ராக்டர் இன்னும் குறைத்துப் போட்டிருந்தார்.

மே 27, இரவு 9.30

கேள்வி கேட்ட பெண் சைட்டுக்கு வந்தாள். காலை ஏழு மணிக்கே, தொப்பி, நோட்டு, ஸ்டாப்வாட்ச். ஏழரையிலிருந்து பத்துவரை ஒரு கொத்தனாரை எண்ணினாள். மேஸ்திரி முதலில் ஓரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சட்டைப் பையில் இருந்து ஒரு சின்ன நோட்டு எடுத்தார், மேல் அட்டை கிழிந்து ரப்பர் பேண்ட் போட்டது. நானே இத்தனை வருஷத்தில் அதைப் பணக்கணக்கு என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம். இத்தனை லோடு கல், இத்தனை மூட்டை, இத்தனை ஆள், எந்த மாதம். ஒரு பக்கத்தில் ஓரமாக 'மழை 6' என்று இருந்தது. 2021 நவம்பர், பாலாறு இரண்டு கரையும் தொட்டு ஓடிய மாதம்.

கொடுக்க மாட்டாராம். டீ நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதிக்கொள்ளலாம். அவள் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள்.

கில்பிரெத் கதையை அவளே அவருக்குச் சொன்னாள். 350 என்றதும் மேஸ்திரி நம்பவில்லை. "என்ன சுவர் அது? எத்தனை அங்குலம்? பூச்சா, மூட்டு இழுத்ததா? அதைச் சொல்லாம நம்பர் மட்டும் சொன்னா எப்படிம்மா?"

அவளுக்குப் பதில் தெரியவில்லை, என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியவில்லை.

மே 28, காலை 6.20

ராத்திரி தேடிப் படித்துவிட்டேன். பன்னிரண்டு அங்குலச் சுவர். இரண்டு வகைக் கல். இரண்டு முகமும் மூட்டு இழுத்தது, அதாவது பூச்சு இல்லாமல் கல் இடுக்கில் இருக்கும் கலவையைக் கோடாகச் சீராக்கியது.

மே 28, இரவு 8.15

மேஸ்திரியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "ரெண்டு முகமும் மூட்டா? அப்போ நல்ல வேலைக்காரன்தான்" என்றார். பிறகு, "நாளைக்கு அந்தப் பலகை ரெண்டையும் எடுத்து வைக்கச் சொல்லுங்க சார். ஆனா கல்லு அடுக்க தனியா ஒரு ஆள் போடுங்க, கூலியும் அதுக்கேத்த மாதிரி. பாப்பா ரெண்டு பேரையும் எண்ணட்டும்."

அடுத்த வாரத் திட்டத்தில் எட்டாவது வேலையாக எழுதியிருக்கிறேன்.